மத்னும் ஷரஹும்: நாமக்கல் சமவெளியின் மனனக் கல்வி

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் மல்லூரையும் ஆண்டகளூர்க் கேட்டையும் கடந்து போவோர், 2007க்குப் பிந்தைய பத்தாண்டுகளில், மே மாத இறுதியில் ஒரு காட்சியைத் தவறாமல் கண்டிருப்பர். இராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் எனத் தொலைமாவட்டங்களின் பதிவெண் தாங்கிய வாடகைக் கார்கள் சாலையோரத் தேநீர்க் கடைகளின் முன் நிற்கும். காரின் மேல் சுருட்டிய மெத்தை, தகரப் பெட்டி, பிளாஸ்டிக் வாளி. உள்ளே பத்தாம் வகுப்புத் தேர்வை அப்போதுதான் முடித்திருந்த ஒரு பிள்ளை. இரண்டாண்டுகளுக்கு அப்பிள்ளையை விடுதியில் ஒப்படைக்க வந்த பெற்றோரின் முகத்தில் கலக்கமும் எதிர்பார்ப்பும் ஒருங்கே தெரியும். அக்கூட்டத்தில் நம் சமுதாயத்தவரும் குறைவாக இருக்கவில்லை. வளைகுடாவில் வெயிலில் நின்று ஈட்டிய பொருள் இந்தச் சமவெளியின் விடுதிக் கட்டணங்களாகக் கரைந்ததை நாம் அருகிருந்து பார்த்திருக்கிறோம்.

எம்மிடம் ஹிஃப்ழு முடித்த மாணவர் ஒருவர் அவ்வாறு 2012இல் சென்றார். பதின்மூன்று வயதிலேயே முப்பது ஜுஸ்உவையும் மனனம் செய்தவர். சேர்க்கையின்போது பள்ளிப் பொறுப்பாளர் அதைக் கேட்டு மிக மகிழ்ந்து, இத்தகைய பிள்ளைகள்தாம் எங்களுக்கு வேண்டும் என்றாராம். அவருடைய தந்தை எம்மிடம் வந்து, “ஹஜ்ரத், ஓதிக் கொடுத்தது வீண்போகவில்லை, பிசிக்ஸ் புத்தகத்தையும் இவன் ஜுஸ்உ ஜுஸ்உவாகப் பாடமாக்கிவிடுவான்” என்று பெருமையோடு சொன்னார். அவ்வாறே நடந்தது. இயற்பியலில் 200க்கு 198. பொறியியல் கல்லூரியில் நல்ல பிரிவிலேயே இடம் கிடைத்தது. இரண்டாம் பருவத் தேர்வுகளுக்குப் பின் ஒருநாள் எம்மைக் காண வந்தவர், மூன்று பாடங்களில் தேறவில்லை என்பதைத் தலைகுனிந்து சொல்லிவிட்டு, “ஹஜ்ரத், குர்ஆன் அப்படியே இருக்கிறது, பிசிக்ஸ் ஒரு வரிகூட நினைவில் இல்லை” என்றார்.

அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம். ஒரே நெஞ்சு, ஒரே பயிற்சி, ஒரே விடாமுயற்சி. ஒன்று நிலைத்தது, மற்றொன்று தேர்வு முடிந்த கோடையிலேயே உதிர்ந்துவிட்டது. மனனம் என்பதே பழுதான கல்விமுறை என்று நாளிதழ்களில் எழுதுவோர் இதற்கு விடைசொல்ல இயலாது. மனனத்தால் எதையும் சாதிக்கலாம் என்று நம்பிய அந்தத் தந்தையாலும் இயலாது.

முதலில் இந்நிலத்தின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். நாமக்கல் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. ஆனால் அதன் தொழில்முகம் அதற்கு முன்பே உருப்பெற்றுவிட்டது. மழை குறைந்த மேட்டுநிலம். நிலக்கடலையும் சோளமும் போதாத உழவர்கள் கோழிப்பண்ணைக்கும், லாரித் தொழிலுக்கும், லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளுக்கும் மாறினர். திருச்செங்கோட்டார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை நாடெங்கும் ஓட்டினர். கூட்டாக முதல் போடுவதும், பங்குபிரித்துக் கொள்வதும், இடுபொருளுக்கும் விளைபொருளுக்கும் கணக்கு வைப்பதும் இம்மக்களுக்குக் கைவந்த கலை. அதே கூட்டுமுதல் பின்னர் பள்ளிகளிலும் இறங்கியது. இப்பள்ளிகளைப் பிராய்லர் பள்ளிகள் என்று ஏளனம் செய்யும் வழக்கம் எழுந்தது. அந்த ஏளனத்தில் நமக்கு உடன்பாடில்லை. பட்டறைக்காரரும் பண்ணைக்காரரும் கல்வியைச் சந்தைச் சரக்காக்கினர் என்று சொல்வது எளிது. அந்தச் சரக்கு எது என்பதை வரையறுத்துக் கொடுத்தது அவர்கள் அல்லர் என்பதை மறந்துவிடுகிறோம்.

வரையறுத்தது தேர்வு. தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கி, முதற் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. தொழிற்கல்விச் சேர்க்கைக்கு 1984 முதல் நுழைவுத்தேர்வும் வந்தது. அப்போது பள்ளி மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என மொத்தம் 300க்குத் தரவரிசை. நகரத்துப் பயிற்சி மையங்களுக்குச் செல்ல இயலாத சிற்றூர்ப் பிள்ளைகள் நுழைவுத்தேர்வால் பின்தங்குகின்றனர் என்ற நியாயமான காரணத்தால், 2006இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்வழி அத்தேர்வு நீக்கப்பட்டது. 2007 சேர்க்கையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே அளவுகோலாயிற்று. மருத்துவத்திற்கு உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பொறியியலுக்கு உயிரியலின் இடத்தில் கணிதம். இதுவே வீடுதோறும் உச்சரிக்கப்பட்ட “கட்-ஆஃப்”.

இந்தக் கணக்கின் கூர்மையை உணர்ந்தால்தான் விடுதிகளின் அதிகாலை விளக்குகளை விளங்கிக்கொள்ள முடியும். இயற்பியலின் 200 மதிப்பெண் 50ஆகச் சுருக்கப்படுவதால், பத்து மதிப்பெண் வினா ஒன்றைத் தவறவிட்டவர் கட்-ஆஃபில் இரண்டரையை இழந்தார். ஏழெட்டு இலட்சம் பேர் எழுதும் தேர்வில் அந்த இரண்டரைக்குள் எத்தனை ஆயிரம் பேர் நெருக்கியடித்து நின்றிருப்பர்! எழுத்துத் தேர்வு 150க்கு, செய்முறைக்கு 50. செய்முறை மதிப்பெண் பெரும்பாலும் முழுமையாகவே வழங்கப்பட்டதால் போட்டி முழுதும் அந்த 150இல்தான். அதன் அமைப்பும் முன்கூட்டியே தெரிந்திருந்தது: ஒரு மதிப்பெண் முப்பது, மூன்று மதிப்பெண் பதினைந்து, ஐந்து மதிப்பெண் ஏழு, பத்து மதிப்பெண் நான்கு. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா என்பதற்கும் வடிவமைப்பு அச்சிட்டுக் கொடுக்கப்பட்டது. விடைத்தாள் திருத்தத்திலோ ஒவ்வொரு படிக்கும் தனி மதிப்பெண். பாடநூலில் உள்ள சொல் உள்ளபடியே இருந்தால் திருத்துபவருக்கு ஐயமில்லை. மாணவர் தம் சொல்லில் எழுதினால் திருத்துபவரின் மனநிலையைப் பொறுத்தது. இந்நிலையில் மின் இருமுனையால் ஒரு புள்ளியில் ஏற்படும் மின்னழுத்தத்தையும், போர் கொள்கைப்படி அணுவின் வட்டப்பாதை ஆரத்தையும், சைக்ளோட்ரான் இயங்கும் விதத்தையும், வான் டி கிராஃப் மின்னியற்றியின் படத்தையும் கால்புள்ளி மாறாமல் நெஞ்சில் ஏற்றுவதே அறிவுடைமை என்று ஒரு பள்ளி முடிவு செய்தால் அதை முட்டாள்தனம் என்று எப்படிச் சொல்வது?

எம் மாணவர் தம் விடுதி நாள்களை விவரித்தபோது நாம் வியப்படைந்தோம். காலையில் புதிய பாடம் ஒப்பித்தல், மாலையில் அவ்வாரத்துப் பாடங்களுக்குக் குறுந்தேர்வு, ஞாயிறன்று பழம்பாடங்கள். ஒரு சமன்பாடு பிழைத்தால் பத்துமுறை எழுதுதல். சபக், சபக் பாரா, தவ்ர் என நம் ஹிஃப்ழு மதரஸாக்களில் உள்ள முப்படி முறை ஏறக்குறைய அப்படியே அங்கு இருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடம் பெயரளவில் முடிக்கப்பட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்பு நூலே ஓதப்பட்டது என்பதும் அன்று ஊரறிந்த செய்தி. விசையும் இயக்கமும் அலையும் வெப்பமும் பதினொன்றில் இருந்தன, அவை அடித்தளம். அடித்தளம் இல்லாமல் இரண்டாம் மாடியை எழுப்பினார்கள். தேர்வு என்னும் காற்று இரண்டாம் மாடிக்கு மட்டுமே வீசியதால் அது மார்ச் மாதம்வரை நின்றது.

இம்முறை நாமக்கல்லில் முளைத்ததன்று. நம் நாட்டில் மனனத்திற்கு இரு வேர்கள் உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஒன்று, திண்ணைப் பள்ளிக்கூடம். எண்சுவடியைப் பிள்ளைகள் உரத்த குரலில் கூடி ஓதினர். கீழ்வாயிலக்கமும் குழிமாற்றும் நெல்லிலக்கமும் நாவில் ஏறியபின் வயல் அளப்பதற்கும் கூலி கணக்கிடுவதற்கும் களத்துமேட்டில் அவை நாள்தோறும் கைகொடுத்தன. தமிழில் பெருக்கற் பட்டியலுக்கும் இயற்பியல் சூத்திரத்திற்கும் வாய்பாடு என்ற ஒரே சொல் வழங்குவது இந்தப் பழக்கத்தின் தடமே. பள்ளிவாசல் மக்தபுகளில் ஓதிய பிள்ளைகளுக்கும் ஓதியது ஐவேளையும் தேவைப்பட்டது. அந்த மனனத்திற்கு அடுத்த நாளே வேலை இருந்தது.

மற்றொரு வேர் வேறிடத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அது பாடம் நடத்தும் இடமாகத் தோன்றவில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே தோன்றியது. தேர்வுக்கும் அரசுப் பணிக்கும் முடிச்சு விழுந்தது. கல்லூரி வாசலில் குறிப்புரை நூல்களும் விடைத் தொகுப்புகளும் விற்பனைக்கு வந்தன. 1902இல் கர்சன் பிரபு அமைத்த பல்கலைக்கழக ஆணைக்குழு, கற்பித்தலுக்குத் தேர்வு பணிய வேண்டியிருக்கத் தேர்வுக்குக் கற்பித்தல் பணிந்துகிடப்பதே இந்நாட்டு உயர்கல்வியின் பெருந்தீங்கு என்னும் கருத்தைப் பதிவுசெய்தது. அக்குழுவில் ஹைதராபாத்தின் சையிது ஹுசைன் பில்கிராமி அவர்களும் ஓர் உறுப்பினர் என்பது நம் வாசகர்க்குச் சுவையான செய்தியாக இருக்கும். 120 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அறிக்கையின் வரி பழையதாகவில்லை.

இங்கே சமவெளியின் எல்லையில் பிறந்த ஒருவரைக் குறிப்பிடாமல் போக இயலாது. பள்ளிபாளையத்திற்கு எதிரே, காவிரியின் மறுகரையில் உள்ள ஈரோட்டில் 1887 டிசம்பர் 22ஆம் நாள் பிறந்தவர் கணிதமேதை இராமானுஜன். குடந்தையில் பள்ளி மாணவராக இருந்தபோது 1903 அளவில் கார் என்னும் ஆங்கிலேயரின் தொகுப்பு நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. சுமார் 5000 கணித முடிவுகள். பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை, இருந்தாலும் ஓரிரு வரிக் குறிப்பே. அந்த நூலாசிரியர் கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவரைத் தயாரித்த தனிப்பயிற்சி ஆசிரியர். அவருடைய பயிற்சிக் குறிப்புகளே அந்நூலாயின. நம் காலத்துச் சொல்லில் சொன்னால் அது ஒரு கைடு. வேறு மாணவர்க்கு மனனப் பட்டியலாக இருந்தது இராமானுஜனுக்கு வினாப் பட்டியலாயிற்று. ஒவ்வொரு முடிவுக்கும் ஏன் என்று கேட்டு, நிறுவலைத் தாமே தேடினார். அதே இராமானுஜன் கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி, பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை என்பதும் வரலாறு. இதைக் கொண்டு தேர்வில் தோற்பவரெல்லாம் மேதை என்று ஆறுதல் கூறுவது நம் நோக்கமன்று. சுருக்க நூல் தன்னளவில் நஞ்சன்று என்பதற்கே இதைச் சொன்னோம்.

இனி நம் மரபுக்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இளமையில் ஜுர்ஜானில் கற்றுத் தூஸுக்குத் திரும்பும் வழியில் கொள்ளையரிடம் சிக்கிய நிகழ்ச்சியை இமாம் ஸுப்கீ (ரஹ்) தம் தபகாத்தில் எழுதியுள்ளார்கள். குறிப்பேடுகளை மட்டுமாவது திருப்பித் தருமாறு இமாமவர்கள் மன்றாட, பையைப் பறிகொடுத்ததும் இல்லாமற்போகும் அறிவு என்ன அறிவு எனக் கொள்ளையர் தலைவன் நகைத்தானாம். தூஸ் சேர்ந்தபின் மூன்றாண்டுகள் செலவிட்டு அக்குறிப்புகள் அனைத்தையும் மனனம் செய்தார்கள். நம் மேடைகளில் மனனத்தின் சிறப்பைச் சொல்ல இந்நிகழ்ச்சி அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். அந்தக் குறிப்புகள் ஆசிரியரிடம் அமர்ந்து கேட்டு, விளங்கி, தம் கையால் எழுதியவை. விளக்கம் முன்னே வந்தது; மனனம் பின்னே வந்தது.

விளக்கம் பின்னே வரும் முறையும் நம்மிடம் உண்டு. இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யாவை ஆயிரம் அடிகளாக ஓதும் மாணவர்க்கு முதலாண்டில் பாதிகூட விளங்காது. ஆனால் இப்னு அகீலின் ஷரஹு காத்திருக்கிறது என்பது ஓதுபவர்க்கும் தெரியும், ஓதிக் கொடுப்பவர்க்கும் தெரியும். மத்ன் என்பது ஆணி. ஷரஹு என்பது அதில் மாட்டும் ஆடை. ஆணி மட்டும் அறைந்த சுவரை எவரும் வீடு என்பதில்லை.

இலக்கணத்தில் மட்டுமன்று, சமன்பாடுகளிலும் இம்முறை கையாளப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியார். மொராக்கோ நாட்டவரும் ஹிஜ்ரி 601இல், அதாவது 1204இல், மர்ராகிஷில் மறைந்தவருமான இப்னுல் யாஸமீன், இயற்கணிதத்தின் விதிகளை ஐம்பது சொச்சம் ரஜஸ் அடிகளில் பாடிவைத்தார். மாணவர்கள் அதை மனனம் செய்தனர். பிற்காலத்தில் அல்கலஸாதீ, ஸிப்துல் மாரிதீனீ முதலிய பலர் அதற்கு உரை எழுதினர். அவ்வடிகளில் அடங்கிய ஆறு வகைச் சமன்பாடுகளும் கலீஃபா மஃமூன் காலத்து அல்குவாரிஸ்மீ வகுத்தவை. அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். ஓர் எண்ணின் வர்க்கமும் அந்த எண்ணின் பத்து மடங்கும் சேர்ந்து முப்பத்தொன்பது, எண் யாது? விதி இது: பத்தில் பாதி ஐந்து, அதன் வர்க்கம் இருபத்தைந்து, அதை முப்பத்தொன்பதோடு கூட்ட அறுபத்துநான்கு, அதன் மூலம் எட்டு, அதிலிருந்து ஐந்தைக் கழிக்க மூன்று. இதை மனனம் செய்தவர் விடை காண்பார். அல்குவாரிஸ்மீ இதோடு நிறுத்தவில்லை. ஒரு சதுரம் வரைந்து, அதன் இரு பக்கங்களிலும் ஐந்து அலகு அகலமுள்ள இரு செவ்வகங்களை ஒட்டி, மூலையில் விடுபட்டிருக்கும் வெற்றிடத்தைக் காட்டினார். அந்த மூலைச் சதுரம்தான் இருபத்தைந்து. அதை நிரப்பினால் முழுச் சதுரம் அறுபத்துநான்கு. படத்தை ஒருமுறை கண்டவர் விதியை மறந்தாலும் மீண்டும் கட்டிக்கொள்வார். நம் பிள்ளைகள் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தைப் பத்தாம் வகுப்பில் ஓதுகின்றனர். அந்த மூலைச் சதுரத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்?

மனனத்தின் எல்லையைக் கண்டு சொன்னவரும் நம்மவருள் உண்டு. இப்னு கல்தூன் 1377இல் நிறைவு செய்த முகத்திமாவில் இரண்டு குறைகளை எடுத்துரைக்கிறார். மக்ரிப் நாட்டு மாணவர் பதினாறு ஆண்டுகள் மதரஸாவில் தங்கியும், தூனிஸ் மாணவர் ஐந்தாண்டில் எய்தும் தேர்ச்சியை எய்துவதில்லை. காரணம், அவர்கள் நெஞ்சில் ஏற்றுவதிலேயே காலம் கழித்து, சபையில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கின்றனர். வினவவும் விவாதிக்கவும் பழகாதவர்க்கு மலகா, அதாவது கைவரப்பெற்ற திறன், உண்டாவதில்லை. மற்றொன்று, அறிவுத்துறைகளைச் சுருக்கிச் சுருக்கி எழுதும் முக்தஸர்கள் பெருகுவது கற்பித்தலுக்கே ஊறு என்பதற்கு அவர் ஒரு தனி அதிகாரமே ஒதுக்கியுள்ளார். முதன்முறை அதை எமக்கு ஓதிக் கொடுத்த ஹஜ்ரத் அவர்கள், சேலம் பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையைப் போய்ப் பாருங்கள் என்றார்கள்.

ஆயினும் பிறரைச் சுட்டும் விரல் நம்மை நோக்கியும் திரும்ப வேண்டும். லக்னோவின் ஃபிரங்கி மஹல் உலமாக்களில் தலையாயவரும் 1748இல் மறைந்தவருமான முல்லா நிஸாமுத்தீன் வகுத்த பாடத்திட்டத்தில் இயற்பியல் இருந்தது. அஸீருத்தீன் அப்ஹரீயின் ஹிதாயத்துல் ஹிக்மாவும் அதற்கு மைபுதீ எழுதிய ஷரஹும் தபீஇய்யாத் என்னும் பெயரில் ஓதப்பட்டன. வேலூர் பாகியாத்தைப் பின்பற்றிய தென்னகத்து மதரஸாக்கள் சிலவற்றிலும் அதன் பகுதிகள் நெடுங்காலம் நீடித்தன. நாமும் ஓதினோம். பிளக்க இயலாத அணு என்று ஒன்று இருக்க முடியாது என்பதற்கான வாதங்களையும், வெற்றிடம் என்பது இயலாது என்பதற்கான வாதங்களையும், வானமண்டலங்கள் கிழிபடா என்பதற்கான வாதங்களையும் பிசகாமல் ஒப்பித்தோம். 1980களின் இறுதி அது. அடுத்த தெருவில் உள்ள அரசுப் பள்ளியில் எம் வயதுப் பிள்ளைகள் போர் அணுமாதிரியை வரைந்துகொண்டிருந்தனர். மனிதன் நிலவில் கால்வைத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. தேர்வில் நாம் முதலாவதாகத் தேறினோம். ஒருமுறையேனும் ஒரு கல்லைக்கூட மேலிருந்து போட்டுப் பார்க்கவில்லை. ஆகவே நாமக்கல் விடுதியைப் பார்த்து நகைக்க நமக்குத் தகுதியில்லை. இப்னுல் ஹைதம் இருட்டறையில் துளையிட்டு ஒளியைச் சோதித்தார் என்றும், கமாலுத்தீன் ஃபாரிஸீ நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தால் வானவில்லை ஆராய்ந்தார் என்றும் மீலாது மேடைகளில் முழங்குகிறோம். அம்முழக்கத்தையும் மனனம் செய்துதான் முழங்குகிறோம். சிறு ஓட்டையிட்ட அட்டைப்பெட்டி ஒன்று எந்த மதரஸாவில் இருக்கிறது?

குர்ஆன் ஏன் நிலைத்தது, இயற்பியல் ஏன் உதிர்ந்தது என்ற வினாவுக்கு வருவோம். முதற்காரணம் வெளிப்படை. ஹாஃபிழ் வாழ்நாள் முழுதும் தவ்ர் செய்கிறார். ஒவ்வொரு ரமழானிலும் தராவீஹில் நிற்கிறார். விடுதி மாணவர்க்கு மார்ச் மாதத் தேர்வு நாளோடு தவ்ர் முடிந்துவிடுகிறது. பொருள் விளங்காமல் ஓதுவதற்கும் நன்மை உண்டு என்பது வஹீயான வேதத்துக்குரிய தனிச்சிறப்பு. சைக்ளோட்ரானுக்கு அந்தச் சிறப்பைக் கொடுக்க இயலாது.

மற்றொரு காரணம் நுட்பமானது. தராவீஹில் இமாம் தடுமாறினால் பின்னே நிற்கும் ஹாஃபிழ் லுக்மா கொடுக்கிறார், ஓதல் தொடர்கிறது. தேர்வு மண்டபத்தில் லுக்மா கொடுப்பார் யாருமில்லை. ஆனால் இயற்பியலுக்கு உள்ளிருந்தே லுக்மா கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. தனி ஊசலின் அலைவு நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஊசலின் நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, அதை இரண்டு பையால் பெருக்க வேண்டும். நீளத்தை முடுக்கத்தால் வகுப்பதா, முடுக்கத்தை நீளத்தால் வகுப்பதா என்று மாணவர்க்கு ஐயம் எழுகிறது. நெஞ்சில் மட்டும் ஏற்றியவர் அங்கேயே நின்றுபோவார். அலகுகளை அறிந்தவரோ நீளம் மீட்டரில், முடுக்கம் வினாடி வர்க்கத்திற்கு இத்தனை மீட்டர் என்று பார்ப்பார். முன்னதைப் பின்னதால் வகுத்தால் மீட்டர் அடிபட்டு வினாடியின் வர்க்கம் மிஞ்சும். அதன் மூலம் வினாடி. விடை நேரம்தானே! ஐயம் தீர்ந்தது. பொருள் தெரிந்தவர்க்குப் பொருளே லுக்மா கொடுக்கிறது. அந்த இரண்டு பை மட்டும் அலகுகளால் வராது. அதை மனனமே தரவேண்டும். மனனத்திற்குரிய இடம் அது. எம் மாணவர்க்கு இதை அன்று விளக்கிச் சொன்னபோது, இரண்டாண்டில் இதை எவரும் தமக்குச் சொல்லவில்லை என்றார். சொல்ல நேரம் இருந்திருக்காது என்றே நாம் எண்ணுகிறோம்; ஏனெனில் இதற்கு மதிப்பெண் இல்லை.

2017இல் காட்சி மாறியது. நீட் தேர்வு தமிழகத்தின் மருத்துவச் சேர்க்கைக்குக் கட்டாயமாயிற்று. அதே ஆண்டில் மாநில அரசு முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 1200 மதிப்பெண் 600 ஆயிற்று. 2018இலும் 2019இலும் புதிய பாடநூல்கள் வந்தன. வினாக்கள் நூலின் உள்ளிருந்தும் எழுந்தன. கால்புள்ளி மாறாத மனனம் ஒரே ஆண்டில் மதிப்பிழந்தது. ஆனால் மனனம் ஒழியவில்லை; உருமாறியது. நீட்டில் இயற்பியலுக்கு 45 வினாக்கள், 180 மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. சமன்பாட்டைத் தருவிக்கும் படிகள் அங்கு தேவையில்லை. கடைசி வரிச் சூத்திரம் போதும். முன்பு பத்துப் படிகளை விளங்காமல் ஓதிய பிள்ளை இப்போது பத்தாவது படியை மட்டும் ஓதுகிறது. சேலம், நாமக்கல் பள்ளிகளின் பலகைகளில் நீட், ஜேஇஇ என்ற எழுத்துகள் ஏறின. விடுதிகளில் மூன்றாம் ஆண்டும், நான்காம் ஆண்டும் வந்து தங்குவோர் பெருகினர். 2021இல் நீதிபதி ஏ.கே. இராஜன் குழு தந்த அறிக்கையின்படி 2020-21இல் தமிழக மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தோரில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் மறுமுறை எழுதியவர்கள். மறுமுறை எழுதும் ஆண்டுக்கும் கட்டணம் உண்டு என்பதைக் கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ ஒரு தாயிடம் விளக்கத் தேவையில்லை. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையால் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது என்பதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் விசையும் இயக்கமும் மீண்டும் பெயரளவில் கடந்துசெல்லப்படுமோ என்ற அச்சமும் உடன் எழுகிறது.

எம் மாணவர் அந்த மூன்று பாடங்களையும் பின்னர் எழுதித் தேறினார். படிப்பு நீண்டது, வளாகத் தேர்வு வாய்ப்புகள் கைநழுவின. ஆலிம் படிப்போடு பன்னிரண்டாம் வகுப்பும் பயிலும் எம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இப்போது அவரே மாலைநேரத்தில் இயற்பியல் கற்பிக்கிறார். சென்ற துல்கஅதாவில் ஒருநாள் அஸருக்குப் பின் நாம் அவ்வழியே சென்றபோது, வகுப்பறை காலியாக இருந்தது. வேப்பமரத்துக் கிளையிலிருந்து சரியாக ஒரு மீட்டர் நூலில் கூழாங்கல் ஒன்று தொங்கியது. பிள்ளைகள் பத்து அலைவுகளை எண்ணிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தனர்: இருபது வினாடி. நூலை நான்கில் ஒன்றாகக் குறைத்தனர்: பத்து வினாடி. நூல் நான்கில் ஒன்றானால் நேரமும் நான்கில் ஒன்றாக வேண்டாமா என்று ஒருவர் கேட்க, மூலம் எடுத்துப் பார் தம்பி என்றார் மற்றொருவர். கடைசி வரிசையில் நின்ற, சபக் பாராவில் அடிக்கடி தடுமாறும் சிறுவன், கல்லைக் கனமாக்கினால் விரைவாக ஆடுமா என்று கேட்டான். எம் மாணவர் விடை சொல்லவில்லை. பெரிய கல் தேடிப் பிள்ளைகள் ஹவ்ழுப் பக்கம் ஓடினர்.